பெட்ரோலா, சிஎன்ஜியா, ஹைப்ரிட்டா, மின்சாரமா? வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்று முதலில் சொல்லுங்கள்

"கார் மாத்தணும். பெட்ரோலே எடுக்கவா, கேஸ் எடுக்கவா, ஹைப்ரிட்டா, இல்ல பேசாம ஈவிக்கே போயிடவா?" (கேஸ் என்பது இங்கே சிஎன்ஜி, அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. ஹைப்ரிட் என்றால் பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி. ஈவி என்றால் முழு மின்சார கார்.) பத்திலிருந்து பதினைந்து லட்சம் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேட்ட இடத்தில் நாலு பேர் இருந்தால் நாலு பதில் வரும். நாலும் அவரவர் வைத்திருக்கும் வண்டிக்கான சிபாரிசு. சிஎன்ஜிக்காரர் மைலேஜைச் சொல்வார், ஈவிக்காரர் கரண்ட் பில்லைச் சொல்வார், ஹைப்ரிட்காரர் சத்தமே இல்லை என்பார். கேட்டவர் மாதம் எவ்வளவு ஓட்டுகிறார், எங்கே குடியிருக்கிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? சொந்த வீட்டு போர்ட்டிகோவிலா, அடுக்குமாடியின் தரைத்தளத்திலா, தெருவிலா? எரிபொருளைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். மின்சார வண்டி லாபமா நஷ்டமா என்பதை இந்த ஒரு விஷயமே பாதிக்கு மேல் தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது, மாதம் எத்தனை கிலோமீட்டர்? கொஞ்சமாக ஓட்டுபவருக்கு எந்த மாற்று எரிபொருளும் போட்ட பணத்தைச் சீக்கிரம் திருப்பித் தராது. "நிறைய ஓட்டுவேன்" என்பதை நம்பாதீர்கள். பழைய வண்டியின் சர்வீஸ் பில்லில் ஓடிய தூரம் எழுதியிருக்கும். கடைசி இரண்டு பில்லைக் கழித்துப் பார்த்தால் போதும்.

மூன்றாவது, அதில் வெளியூர் எவ்வளவு? ஓ.எம்.ஆரில் தினமும் முப்பது கி.மீ. ஊர்வதும், மாதம் இரண்டு முறை மதுரைக்குப் போய் வருவதும் மொத்தத் தூரத்தில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பொருத்தமான வண்டி ஒன்றல்ல.

நான்காவது, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? நான்கு வருடத்தில் மாற்றுபவர் மறுவிற்பனை விலையைப் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஓட்டுபவருக்கு அந்தக் கவலை பாதிதான்.

## கணக்கு

கணக்குக்காகச் சென்னையை ஒட்டிய விலைகளை எடுத்துக்கொள்கிறேன்: பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சிஎன்ஜி கிலோ 91 ரூபாய், வீட்டு மின்சாரம் யூனிட் 9 ரூபாய். இந்த 9 எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். மைலேஜ், சாலையில் ஓரளவு நிதானமாக ஓட்டினால் கிடைப்பது. விளம்பரத்தில் வரும் எண், ஏசியை அணைத்துவிட்டு ஆய்வுக்கூட உருளைகளின் மேல் ஓட்டி எடுத்தது. அதை வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். அட்டவணையில் கம்பெனி சிஎன்ஜி என்பது தொழிற்சாலையிலேயே கேஸ் கிட் மாட்டி வரும் வண்டி. ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்பது மோட்டாரில் தனியாகவும் நகரக்கூடிய ஹைப்ரிட்.

| | பெட்ரோல் | கம்பெனி சிஎன்ஜி | ஸ்ட்ராங் ஹைப்ரிட் | மின்சார கார் |
|---|---|---|---|---|
| சாலையில் கிடைப்பது | லிட்டருக்கு 15 கி.மீ. | கிலோவுக்கு 21 கி.மீ. | லிட்டருக்கு 21 கி.மீ. | மீட்டர் யூனிட்டுக்கு 6 கி.மீ. |
| ஒரு கி.மீ. செலவு | ரூ. 6.70 | ரூ. 4.30 | ரூ. 4.80 | ரூ. 1.50 (வீட்டு சார்ஜ்) |
| மாதம் 1,000 கி.மீ.க்கு | ரூ. 6,700 | ரூ. 4,300 | ரூ. 4,800 | ரூ. 1,500 |
| பெட்ரோலைவிடக் கூடுதல் விலை (உத்தேசம்) | – | ரூ. 95,000 | ரூ. 2.5 லட்சம் | ரூ. 3 லட்சம் |
| கூடுதல் பணம் திரும்ப: மாதம் 500 கி.மீ. | – | ஆறரை வருடம் | இருபது வருடத்துக்கு மேல் | ஒன்பது வருடத்துக்கு மேல் |
| மாதம் 1,000 கி.மீ. | – | மூன்றே கால் வருடம் | பதினோரு வருடம் | ஐந்து வருடம் |
| மாதம் 2,000 கி.மீ. | – | ஒன்றே முக்கால் வருடம் | ஐந்தரை வருடம் | இரண்டரை வருடம் |

கூடுதல் விலை என்ற வரிசை மாடலுக்கு மாடல் மாறும். ஷோரூமில் எழுதித் தரும் 'ஆன் ரோடு' விலையை, அதாவது வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த விலையை வாங்கி, அந்த இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒப்பிடும்போது ஆட்டோமேட்டிக்கை ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிட வேண்டும். கடனில் வாங்கினால் இன்னொன்றும் சேரும்: கூடுதலாகப் போடும் 3 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி என்றால் முதல் வருடம் மட்டும் ஏறக்குறைய 25,000 ரூபாய் போகும். எரிபொருளில் மிச்சமாவதில் ஒரு பங்கு வங்கிக்குப் போய்விடுகிறது. இதை எந்த விற்பனையாளரும் தானாகச் சொல்ல மாட்டார்.

## பெட்ரோல்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் என்ஜின் என்றால் இந்த வரி. அதற்கு முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதம் இருந்தது. மின்சார வண்டிகளுக்கும் சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கும் இருந்த விலை இடைவெளி இதனால் விரிந்துவிட்டது. மாதம் ஐநூறு, அறுநூறு கி.மீ. ஓட்டுபவருக்கு அட்டவணையே பதில் சொல்லிவிடுகிறது: சிறிய பெட்ரோல் வண்டி போதும்.

மறைந்த செலவு பங்க்கில் இருக்கிறது. இப்போது நாம் போடுவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. கலவைக்காகவே சரிசெய்யப்பட்ட வண்டிகளில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 சதவீதமும் குறையும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. பழைய வண்டியைச் செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்கள் அது இ20க்கு ஏற்றதா என்று உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் குழாய், வாஷர் போன்ற ரப்பர் சாமான்கள்தான் முதலில் தொல்லை தரும்.

## சிஎன்ஜி

ஒரு சின்ன காரின் விளம்பரத்தில் பெட்ரோலுக்கு 24, சிஎன்ஜிக்கு 34 என்று போட்டிருக்கும். கேஸில் என்ஜின் திறமையாக ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. ஒன்று லிட்டர், மற்றது கிலோ. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய 1.4 லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சக்தி இருக்கிறது, அந்த வித்தியாசம்தான் மைலேஜாகத் தெரிகிறது. லாபம் முழுக்க விலையிலிருந்து வருகிறது. பெட்ரோல் விலையை நோக்கிக் கேஸ் விலை ஏற ஏற லாபம் கரையும்.

சிஎன்ஜி வண்டியோடு வாழ்வது எப்படி என்று தெரிய வேண்டுமானால், வாங்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் உங்கள் பகுதி பங்க்கில் போய் நில்லுங்கள். ஆட்டோக்கள் ஒரு வரிசை, கால்டாக்ஸிகள் ஒரு வரிசை. முறை வந்ததும் வண்டியில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்க வேண்டும், தூங்கும் குழந்தை உட்பட. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 60 லிட்டர் சிலிண்டரில் எட்டு, ஒன்பது கிலோ ஏறும். கூட்டம் அதிகமான நேரத்தில் பங்க்கின் அழுத்தமே இறங்கிவிடும். "பிரஷர் இல்ல சார், ஆறு கிலோதான் ஏறும்" என்பார் பையன். அப்போது கையில் இருப்பது நூற்று இருபது, முப்பது கி.மீ. ஓட்டம். மூன்று நாளில் மறுபடி வரிசை. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே கூட்டமில்லாத பங்க் ஒன்று இருந்தால் இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. எட்டு கி.மீ. சுற்றிப் போக வேண்டுமென்றால் இரண்டே மாதத்தில் அலுத்துப்போய்ப் பெட்ரோல் பட்டனை அழுத்திவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் 95,000 ரூபாய் எதற்கு?

டிக்கியும் போகும். பெரிய சிலிண்டர் ஒன்றை வைத்தால் ஒரு சூட்கேஸுக்கு மேல் இடமில்லை. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைத்து டாடாவும் ஹூண்டாயும் இதை ஓரளவு தீர்த்திருக்கின்றன. சக்தியும் குறையும், சின்ன என்ஜின்களில் பெட்ரோலைவிட ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டே. தட்டை ரோட்டில் தெரியாது. ஐந்து பேரும் சாமானுமாக ஏற்காடு ஏறும்போது தெரியும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தச் சோதனை, செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, விற்கும் நேரத்தில் முழிக்கிறார்கள்.

வெளியில் கிட் மாட்டினால் பாதி விலையில் முடியுமே என்பார்கள். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தைப் பதிய வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விபத்து நேரும்போது இழப்பீடு கேட்டுப் போய் நிற்க முடியாது. வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் கிட் மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தெருவில் வண்டி நிறுத்துபவர், மாதம் 1,200 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவர், பாதையில் நல்ல பங்க் இருப்பவர்: இந்த மூன்றும் பொருந்தினால் இதைவிட மலிவான வழி இல்லை.

## ஹைப்ரிட்

முதலில் ஒரு எச்சரிக்கை. 'ஸ்மார்ட் ஹைப்ரிட்', 'மைல்ட் ஹைப்ரிட்' என்று ஒட்டியிருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. அவற்றில் மோட்டார் தனியாகச் சக்கரத்தைச் சுழற்றாது, என்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். நாம் பேசுவது கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹோண்டா சிட்டி போன்றவற்றில் வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்.

இதன் அருமை நெரிசலில் தெரியும். கத்திப்பாராவுக்கு முன்னால் கால் மணி நேரம் ஊரும்போது என்ஜின் அணைந்திருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும், வண்டி மோட்டாரில் நகரும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகம் பேட்டரிக்குத் திரும்புகிறது. சாதாரண பெட்ரோல் வண்டி பத்து கி.மீ. கொடுக்கும் நெரிசலில் இது இருபதைத் தாண்டும். திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்த மாயம் குறையும். பிரேக்குக்கு வேலையில்லாத இடத்தில் மீட்பதற்கு ஒன்றுமில்லை. வெளியூர் ஓட்டமே அதிகம் என்பவர் இதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சார்ஜ் போட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், பழக்கத்தை மாற்ற வேண்டாம் என்ற நிம்மதி உண்டு. பணமாக மட்டும் பார்த்தால் நான்கில் இதுதான் தோற்கிறது. நான்கு மீட்டரைத் தாண்டிய ஹைப்ரிட்டுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி, மின்சார வண்டிக்கு 5 சதவீதம். சுற்றுச்சூழலைக் காக்கும் வண்டி என்று சொல்லிக்கொண்டே பெரிய டீசல் எஸ்யூவிக்குப் போடும் வரியையே இதற்கும் போடுகிறார்கள். இது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் வாங்குபவர் கட்ட வேண்டிய விலை அதுதான்.

நகரத்துக்குள்ளேயே மாதம் 1,500 கி.மீ.க்கு மேல், எப்படியும் ஆட்டோமேட்டிக் வேண்டும், வீட்டில் சார்ஜ் போட வழியில்லை என்றால் யோசிக்கலாம்.

## மின்சார கார்

இப்போது அந்த 9 ரூபாய்க்கு வருவோம். "யூனிட் நாலரை, அஞ்சு ரூபா, கிலோமீட்டருக்கு எண்பது பைசா" என்று ஷோரூமில் சொல்வார்கள். தமிழ்நாட்டு மின்கட்டணம் அப்படி வேலை செய்வதில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள். மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரை கிடைத்துவந்த சலுகை விலையும் பறிபோய், மேலே உள்ள யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல், ஒன்பது ரூபாய்க்கு மேல் என்று ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றுக்கும் மேல்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 1,200 ரூபாய்க்குள் இருக்கும். கார் மாதம் 1,000 கி.மீ. ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 333 யூனிட் கூடும். மொத்தம் 733. பில் 4,100, 4,200 ரூபாய்க்குப் போய் நிற்கும். கூடுதலாகக் கட்டிய சுமார் மூவாயிரத்தை 333-ஆல் வகுத்தால் யூனிட் 9 ரூபாய். ஷோரூமில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு. இருந்தும் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய்தான், பெட்ரோலில் கால்வாசிகூட இல்லை. கூரையில் மூன்று கிலோவாட் சோலார் போட்டிருந்தால் கணக்கு இன்னும் இறங்கும். அந்த அளவுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்.

வீட்டில் சார்ஜ் போட முடியாவிட்டால் கதை வேறு. வேகச் சார்ஜரில் யூனிட் வரியோடு 20 முதல் 25 ரூபாய். நெடுஞ்சாலை வேகத்தில் யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்தால் கி.மீ. செலவு 3.30 முதல் 4.20 வரை, சிஎன்ஜியை எட்டிப்பிடித்துவிடுகிறது. 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்து, சிஎன்ஜி செலவிலேயே ஓட்டுவதில் லாபம் எங்கே? தெருவில் நிற்கும் வண்டிக்கு ஈவி வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் புக்கிங் தொகை கட்டும் முன்பே சங்கத்தில் பேசிவிடுங்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்குத் தனி ஒயர் இழுப்பதுதான் நல்ல வழி. பொது மீட்டரில் இலவச யூனிட் கிடையாது, பங்கு பிரிக்கும்போது சண்டையும் வரும். இருக்கிற 15 ஆம்பியர் பிளக்கிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும் பிளக்கும், கார் எட்டு மணி நேரம் இழுக்கும் பிளக்கும் ஒன்றல்ல. தளர்ந்த பிளக் சூடேறி, பிளாஸ்டிக் பழுத்து, ஒருநாள் கருகும். தனி எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), தடித்த ஒயர், ஒழுங்கான எர்த், இவற்றுக்கு எலக்ட்ரீஷியன் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். லோடு போதாவிட்டால் மும்முனை இணைப்புக்கு மாற வேண்டிவரும், அதற்குத் தனிச் செலவு.

சாதகமும் நிறைய. தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் 20 லட்சம் வரை 15 சதவீதமும் சாலை வரி போகிறது. மின்சார வண்டிக்கு அரசு அதைத் தள்ளுபடி செய்து, காலக்கெடுவை நீட்டித்தும் வந்திருக்கிறது. வாங்கும் மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஆயில் மாற்றும் வேலையில்லை. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் வண்டியின் மதிப்பு அதிகம் என்பதால் முழுக் காப்பீட்டுத் தொகை கூடுதலாகவே வரும். கனமான வண்டி, உடனடி இழுவிசை, அதனால் டயரும் சீக்கிரம் தேயும்.

பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி சகஜமாகிவிட்டது. எட்டு வருடம் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் பெரிதில்லை. நான்கு வருடத்தில் விற்பவர்தான் அடிபடுவார். புது மாடல்கள் மலிவாகவும் அதிக தூரம் ஓடுவதாகவும் வந்துகொண்டிருக்கும்போது பழைய ஈவியை நல்ல விலைக்கு யார் வாங்குவார்கள்?

வெளியூரைப் பொறுத்தவரை, 45 யூனிட் பேட்டரி வண்டி நெடுஞ்சாலையில் இருநூற்றைம்பது, முந்நூறு கி.மீ. போகும். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கி.மீ.க்குப் பக்கம், குறைந்தது ஒரு நிறுத்தம் கட்டாயம். எப்படியும் விக்கிரவாண்டி பக்கம் டிபனுக்கு நிற்போம் என்பது சாதாரண நாளுக்குச் சரி. பொங்கலுக்கு முந்தைய ராத்திரி பரனூர் சுங்கச்சாவடியே நகராத நேரத்தில், சார்ஜரில் உங்களுக்கு முன்னால் மூன்று கார் நின்றால் விடிந்துவிடும். வருடத்துக்கு நாலைந்து நாள் வரும் இந்தத் தொல்லைக்காக மற்ற நாள் லாபத்தை விட வேண்டியதில்லை. அந்த நாட்களுக்கு ரயில் டிக்கெட்டையோ வீட்டின் இன்னொரு வண்டியையோ நம்பலாம். ஒரே கார் வைத்து, மாதம் இரண்டு முறை தென்மாவட்டம் போகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

## எதையும் வாங்காமல் இருப்பது

பட்டியலில் யாரும் சேர்க்காத வழி இது. மாதம் எழுநூறு கி.மீ.க்குள் ஓடும் வண்டி, என்ஜின் நன்றாக இருக்கிறது என்றால் மாற்றுவதற்கு மைலேஜ் ஒரு காரணமே அல்ல. ஓட்டும் விதத்தை மாற்றினாலே அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

எதற்கு எவ்வளவு பலன் என்பதில்தான் நம் ஊரில் குழப்பம். டயரில் காற்றுக் குறைந்தால் மைலேஜ் போச்சு என்பார்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி நான்கு டயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால்கூடப் போவது 2 சதவீதம். பாதுகாப்புக்காகக் காற்றைப் பாருங்கள், ஆனால் அதில் பெரிய பணம் இல்லை. ஏர் ஃபில்டர் அடைத்தாலும் இன்றைய பெட்ரோல் என்ஜினில் மைலேஜ் பெரிதாக இறங்காது, பிக்கப்தான் குறையும். பெரிய பணம் காலில் இருக்கிறது: சட்டென்று மிதித்துச் சட்டென்று பிரேக் பிடிக்கும் பழக்கம் நகரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை விழுங்கும் என்கிறது அதே துறை. நெடுஞ்சாலையில் 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூரையில் மாட்டிய கேரியர் பெட்டியைச் சபரிமலை போய் வந்தபிறகும் கழற்றாமல் வைத்திருப்பவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் டேங்கில் போடும் மாத்திரை, குழாயில் மாட்டும் காந்தம் போன்றவற்றைத் தொடவே தொடாதீர்கள். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சோதித்துப் பார்த்தது. உருப்படியாகப் பலன் தந்தவை ஒரு சில, அதுவும் கொஞ்சம்தான்.

பழைய காரோடு ஒரு மின்சார ஸ்கூட்டரைச் சேர்த்தால் கணக்கு இன்னும் அழகாகிறது. மார்க்கெட், டியூஷன், மெட்ரோ ஸ்டேஷன் என்று தனியாளாகப் போகும் ஓட்டத்துக்குக் கி.மீ. முப்பது, முப்பத்தைந்து பைசாதான் ஆகும். கார் வெளியூருக்கும் மழைநாளுக்கும் மட்டும் கிளம்பும். இரண்டு மாதத்துக்கு முப்பது, நாற்பது யூனிட்டுக்குள் முடிந்துவிடுவதால் மின்கட்டணப் படியும் அவ்வளவாக ஏறாது. போடும் பணம் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம். மாடியில் குடியிருந்து வண்டியைத் தெருவில் நிறுத்துபவர்கள், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போய்ச் சார்ஜ் போடும் மாடலாகக் கேட்டு வாங்க வேண்டும். எடுக்கும் முன் அந்தப் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஷோரூம் மாடிப்படியை ஒருமுறை ஏறிப் பாருங்கள், பத்து கிலோவுக்குக் கிட்டே இருக்கும்.